டெவல்யூஷன்: நிலத்துக்குப் பகிர்வு பொருந்துமா?

சின்ன வயதில் காங்கேயம் பக்கத்து ஊரில் அப்பிச்சியிடம் (அம்மாவின் அப்பா) கேட்டேன்: "அப்பிச்சி, இந்தக் களத்துமேடு நம்ம ஊருதுங்களா?" அவர் சொன்னது: "ஊருக்கு உட்டது கண்ணு. ஊர் பேர்ல எழுதுனதில்ல."

அரசு நிலத்தின் மீதான அதிகாரம் மேலிருந்து கீழே இறங்குவதை ஆங்கிலத்தில் டெவல்யூஷன் என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி. அந்தச் சொல்லின் பாதிப் பொருள் அப்பிச்சியின் பதிலிலேயே இருக்கிறது.

லத்தீனில் 'டெ' என்றால் கீழே, 'வோல்வெரே' என்றால் உருட்டுதல். சொத்தோ உரிமையோ ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு இறங்குவதை அது குறித்தது. அப்புறம் அரசியலுக்கு வந்து, நடு அரசு தன் அதிகாரத்தை வட்டார அரசுக்கு இறக்கித் தருவது என்றானது.

நிலத்தில் இது எப்படி நடக்கிறது என்பதற்குக் கனடா நல்ல எடுத்துக்காட்டு. அங்கே மாகாணங்களின் பொது நிலம் மாகாணங்களிடமே இருக்கிறது. வடக்கிலுள்ள மூன்று ஆட்சிப்பகுதிகளில் மட்டும் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து நடு அரசு நேரடியாகப் பார்த்துவந்தது. யூகானுக்கு 2003 ஏப்ரல் 1 அன்றும், வடமேற்கு ஆட்சிப்பகுதிக்கு 2014 ஏப்ரல் 1 அன்றும் அந்தப் பொறுப்பு போய்ச் சேர்ந்தது. நுனாவுட்டுக்கான ஒப்பந்தம் 2024 ஜனவரியில் கையெழுத்தானது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நிலத்தின் உடைமை முடியரசின், அதாவது மன்னரின் பெயரால் நடக்கும் அரசின், பெயரிலேயே இருக்கிறது. யாருக்குக் குத்தகை விடுவது, எங்கே சுரங்கம் தோண்ட அனுமதிப்பது என்று முடிவெடுக்கும் ஆளுகைதான் கை மாறியது.

நம் நாளிதழ்கள் இதை 'அதிகாரப் பகிர்வு' என்று எழுதுகின்றன. வரிப்பணத்துக்கு அது சரி. நிதிக்குழுவின் பரிந்துரைப்படி மாநிலங்களுக்குப் பங்கு பிரித்துத் தருகிறார்கள், பங்கு போடுவதுதானே பகிர்வு? நிலத்தை இங்கே யாரும் பங்கு போடவில்லை. 'பரவலாக்கம்' இன்னும் பொதுவான சொல், எதற்கும் போடலாம். 'ஒப்படைப்பு' நல்ல சொல்தான், ஆனால் வருவாய்த்துறை அதை முன்பே எடுத்துக்கொண்டது. நிலமற்றவருக்கு அரசு நிலம் தருவதை 'நில ஒப்படை' என்றுதான் தாலுகா அலுவலகத்தில் சொல்வார்கள். மிஞ்சுவது 'கையளிப்பு'. எதைக் கையளிக்கிறார்கள் என்பதையும் சேர்த்து 'நில ஆளுகைக் கையளிப்பு' என்று எழுதலாம் என்பது என் முடிவு. உடைமை போகவில்லை, ஆளுகை போயிருக்கிறது என்று சொல்லிலேயே தெரிந்துவிடும்.

நம் ஊரிலும் இதே ஏற்பாடு சின்ன அளவில் உண்டு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 மேய்ச்சல் நிலம், களம், மயானம், மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைக் கிராம ஊராட்சிக்குத் தருகிறது. ஆனால் வருவாய்த்துறையின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டைப் புரட்டினால் அந்த இடங்கள் அரசு புறம்போக்கு என்றுதான் இருக்கும். அப்பிச்சி எந்தச் சட்டத்தையும் படித்தவரில்லை. இந்த வேறுபாட்டை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

இன்னொரு சொல்லையும் பார்க்க வேண்டும். இலங்கைத் தமிழர் இதைக் 'காணி அதிகாரம்' என்கிறார்கள். 1987இல் இலங்கை அரசியலமைப்பில் வந்த 13ஆவது திருத்தம் காணியை மாகாண சபைப் பட்டியலில் வைத்தது. அரச காணி குடியரசின் உடைமையாகவே தொடரும் என்றும் அதே திருத்தம் சொன்னது. 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அரச காணி மீதான அதிகாரம் மாகாணங்களுக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆளுகை எங்கே முடிகிறது, உடைமை எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகப் பிரிக்காத இடத்தில் வந்த சண்டை அது.

இலங்கையில் காணி என்றால் வெறும் நிலம். கொங்கில் அப்படியில்லை. இங்கே காணி என்றதும் ஒவ்வொரு குலத்துக்கும் உரிய காணிக்கோயில் நினைவுக்கு வரும். கூட்டத்துக்குக் கூட்டம் (குலத்துக்குக் குலம்) வழிவழியாக வரும் உரிமைதான் இங்கே காணி. அரசு நிலத்தைக் குறிப்பதல்ல அது. அதனால் இலங்கைச் செய்தியைக் கோவை, ஈரோட்டு வாசகருக்கு எழுதுகிறவர்கள், காணி என்று வரும் முதல் இடத்தில் 'அரசு நிலம்' என்று ஒரு முறை விளக்கிவிட்டால் நல்லது.