நிழல் என்று விற்கிற நிறம்

போன தை மாதம் ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கல்யாணப் பிள்ளை ஒருத்தி என்னிடம் மேக்கப் ட்ரயலுக்கு வந்தாள். பென்சிக் கடையில் வாங்கிய கொன்டூர் பெட்டியும் கையோடு வந்தது. கன்னத்திலும் தாடையோரத்திலும் நிழல் போலப் பூசி முகத்தை ஒடுக்கிக் காட்டுவதுதான் கொன்டூர். ஆறு நிறம், மூன்று வெளிர், மூன்று மண் சாயல். "இத வச்சே செஞ்சிருங்கக்கா, காசு குடுத்து வாங்கிட்டேன்" என்றாள். இருந்ததிலேயே கருத்ததை எடுத்து அவள் தாடையோரம் ஒரு கோடு இழுத்தேன். கோட்டைக் காணவில்லை. நிழல் என்று அந்தப் பெட்டியில் வைத்திருந்தது அவளுடைய சொந்த நிறம்.

மலிவான பெட்டிகளில் பாதி இப்படித்தான். வெளுத்த முகத்தை நினைத்துக் கலந்த நிறங்கள். விலை குறைவு என்பதற்காக நான் எதையும் ஒதுக்குவதில்லை. என் மேசையிலேயே விலை குறைந்த சாமான்தான் அதிகம். கொன்டூருக்கென்று தனிப் பெட்டி வாங்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் என் கட்சி. உங்கள் நிறத்தைவிட இரண்டு ஷேட் கருத்த ஃபவுண்டேஷனோ கொம்பெக்ட்டோ ஒன்று போதும். மேபலின் ஃபிட் மீ மாதிரி பல ஷேட்டில் வருகிற ஒன்றென்றால் நமக்குப் பொருந்துவதைத் தேடி எடுக்கலாம். தாடையில் தடவி, கடை டியூப் லைட்டை நம்பாமல் வாசலுக்கு வந்து பாருங்கள். செம்மண் மாதிரி சிவந்து தெரிந்தால் வேண்டாம். நிழலுக்குச் சிவப்பு கிடையாது. கொஞ்சம் சாம்பல் கலந்த பழுப்பாக இருக்க வேண்டும்.

மினுக்கமும் கூடாது. தொழிலுக்கு வந்த முதல் வருஷம் மினுங்குகிற ப்ரொன்சர் என்ற பழுப்புப் பவுடரை ஒரு பிள்ளையின் கன்னப் பள்ளத்தில் பூசிவிட்டேன். மண்டபத்தில் நன்றாகத்தான் இருந்தது. அல்பத்தில் ஃப்ளாஷ் பட்ட இடமெல்லாம் பள்ளம் மேடாகிக் கன்னம் வீங்கியது போல விழுந்திருந்தது. அந்த அல்பத்தை அவள் வீட்டில் இன்னும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் எனக்குக் கூச்சம்தான்.

நிழல் நிறத்தைக் காதின் மேல்முனையிலிருந்து வாயோரத்தை நோக்கி இழுத்து வாருங்கள். கடைக்கண்ணுக்கு நேர் கீழே வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதைத் தாண்டினால் முகம் பட்டினி கிடந்த மாதிரி ஆகும். தேய்ப்பது எப்போதும் மேல்நோக்கி. மேட்டை எடுத்துக்காட்டப் பூசும் ஹைலைட்டருக்கு நம் நிறத்தில் வெள்ளி சரிவராது, வெளிச்சத்தில் நரைத்துத் தெரியும்; பொன், வெண்கலம், பீச் சாயல்கள் தோலோடு சேரும். கன்ன மேடு, மூக்குத் தண்டு, மேலுதட்டுக் குழி. நெற்றிக்குப் போட்டால் வியர்வை என்று நினைப்பார்கள்.

நம் மலைநாட்டுக்கே உரிய தொல்லை குளிர். விடியற்காலை முகூர்த்தமென்றால் நாலு மணிக்கே உட்கார வைக்கிறோம். கிரீம் ஸ்டிக் கல்லாக இருக்கும். நேரே இழுத்தால் கீழே போட்ட ஃபவுண்டேஷனையும் உரித்துக்கொண்டு வரும். புறங்கையில் தேய்த்துச் சூடாக்கி, விரலால் ஒற்றுங்கள். காற்றில் வறண்ட கன்னத்தில் பவுடர் திட்டுத் திட்டாக நிற்கும். நுவரெலியா பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் கிரீமைத்தான் எடுப்பேன்.

இனி, இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். கொழுந்தெடுக்கப் போகும் அக்கா ஒருவர், மகளின் சடங்குக்கு மேக்கப் போட வந்தார். முகம் வெளுத்திருந்தது, கழுத்து இரண்டு ஷேட் கருத்திருந்தது, கன்னத்தில் சிவந்த நரம்பு. கேட்டபோது பையிலிருந்து சின்ன வெள்ளை டப்பா ஒன்றை எடுத்தார். பெயரில்லை, திகதியில்லை, இறக்குமதி செய்தவர் முகவரியில்லை. "மங்கு போகும்னு குடுத்தாங்க" என்றார். முகத்தில் படியும் கருந்திட்டைத்தான் மங்கு என்கிறோம்.

இப்படிப்பட்ட வெளுக்கும் கிரீம்களில் பாதரசமோ, டாக்டர் எழுதித் தரவேண்டிய ஸ்டீரொய்டோ இருப்பது உலகமெங்கும் பிடிபட்ட விஷயம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஊறுவதைப் பாதரசம் தடுப்பதால் முகம் முதலில் வெளுக்கும். தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம், அழகுசாதனத்தில் பாதரசத்துக்கு முதலில் 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, என்று வரம்பு வைத்தது; பிறகு 2025க்குள் பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதுவுமே கூடாது என்று ஆக்கியது. லேபலில் கலொமெல், மெர்குரியோ, மெர்குரஸ் குளோரைட் என்று கண்டால் கீழே வையுங்கள். லேபலே இல்லாத டப்பாவில் தேடுவதற்கு என்ன இருக்கிறது?

மங்கு வெயிலில் கூடும். 1,000 மீற்றர் ஏற ஏற புற ஊதாக் கதிர் சுமார் 10 வீதம் கூடும். நுவரெலியா 1,868 மீற்றர். மூட்டம் இருக்கிறதென்று சன்ஸ்க்ரீனை விட்டுவிடாதீர்கள். அந்த அக்காவை அன்று மேக்கப் இல்லாமலே அனுப்பினேன், கோபித்துக்கொண்டார். டப்பாவையும் எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். ஸ்டீரொய்ட் கிரீமைச் சட்டென்று நிறுத்தினால் முகம் எரிந்து கொப்பளிக்கும். டாக்டர் சொல்கிற மாதிரித்தான் விட வேண்டும். விபரமில்லாமல் விற்கிற கடையைப் பற்றி 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் சொல்லலாம்.

பெட்டியில் திறந்த மூடிப் படத்துக்குள் 12 எம் என்று போட்டிருந்தால், திறந்து 12 மாதம்வரைதான். அக்காவின் கல்யாணத்துக்கு வாங்கியதைத் தங்கச்சிக்கு எடுக்கிற வீடுகளுக்காகச் சொல்கிறேன்.

ஹட்டன் பிள்ளையின் பெட்டி வீண்போகவில்லை. திகதி, முகவரி எல்லாம் சரியாகத்தான் இருந்தன. நிழலுக்கு என்னிடமிருந்த கருத்த ஃபவுண்டேஷனை எடுத்தேன். அவளுடைய மூன்று மண் நிறமும் கண்ணிமைக்குப் போயின.