பினாயில் வாசனை வந்தால் போதுமா?

"என்ன சிஸ்டர், இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, ஒரு பினாயில் வாசனைகூட வர மாட்டேங்குது?"

மதுரையில் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியராக வேலை பார்க்கிற எனக்கு இது பழகிப்போன கேள்வி. ஆனால் கடைசியாக இதைக் கேட்டவர், அப்பாவின் யூரின் பையைத் தூக்கி அவர் வயிற்றின் மேலேயே வைத்துக்கொண்டு கேட்டார். எக்ஸ்ரேவுக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது பை கீழே தொங்கினால் இடிக்குமாம். குழாயில் நின்ற சிறுநீர் வந்த வழியே உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. மூக்கு மட்டும் பினாயிலைத் தேடிக்கொண்டிருந்தது.

பெரியவர் உசிலம்பட்டிப் பக்கம். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன், சர்க்கரை வேறு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாளே யூரின் டியூபை எடுத்துவிடலாம் என்றதற்கு வீட்டார் சம்மதிக்கவில்லை. "ராத்திரி எழுப்பி பெட்பான் வைக்க ஆளில்லை சிஸ்டர், இருந்துட்டுப் போகட்டும்." இருந்தது. அப்புறம் குளிர்காய்ச்சல். சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிளெப்சியெல்லா என்கிற கிருமி, எதிரே மருந்துப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேராக 'ஆர்', 'ஆர்', 'ஆர்'. "எல்லாம் ஒரே மாதிரி வந்திருக்கே, நல்லதுதானே?" என்றார் மகன். 'ஆர்' என்றால் அந்த மருந்துக்கு அந்தக் கிருமி அசையாது என்று அர்த்தம். பையைத் தூக்கியதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சிறுநீர்க் குழாய் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். வசதிக்காக ஒரு நாள் நீட்டினாலும் கணக்கு ஏறத்தான் செய்யும்.

சரி, பினாயிலுக்கு வருவோம். பினாயில் தரைக்கு. தரையை யாரும் நக்குவதில்லை. வார்டில் கிருமி ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போக ஏறுகிற பஸ் பெரும்பாலும் நம் கைதான். நாற்றம்தான் நோயைக் கொண்டுவருகிறது என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பினார்கள். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்கிற டாக்டர் ஒன்றைக் கவனித்தார். மருத்துவச்சிகள் பிரசவம் பார்த்த வார்டைவிட, மருத்துவ மாணவர்கள் பார்த்த வார்டில் தாய்மார்கள் பல மடங்கு அதிகமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். மாணவர்கள் பிணப் பரிசோதனை செய்த கையோடு பிரசவ வார்டுக்கு வந்தவர்கள். குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவச் சொன்னார், சாவு சடசடவெனக் குறைந்தது. சக டாக்டர்கள் பாராட்டவில்லை, கோபித்துக்கொண்டார்கள். (ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் ஒருவரிடம் கையில் தேய்த்துக்கொள்கிற ஆல்கஹால் மருந்தான ஹேண்ட் ரப் பாட்டிலை நீட்டிப் பாருங்கள், அந்தக் கோபம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.)

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட கணக்கின்படி, நம்மைப் போன்ற நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேரும் 100 பேரில் 15 பேருக்கு, வந்த நோய் போதாதென்று அங்கேயே ஒரு தொற்றாவது ஒட்டிக்கொள்கிறது. பணக்கார நாடுகளில் 7 பேர். அங்கேயும் 7 பேர் என்பதைக் கவனியுங்கள். பளபளக்கும் டைல்ஸ் மட்டும் காப்பாற்றுவதாக இருந்தால் அங்கே ஒருவருக்கும் வரக் கூடாது.

பினாயிலுக்கு அடுத்தபடி கிளவுஸ். கிளவுஸ் போட்ட கை என்றால் சுத்தமான கை என்று நோயாளிகளும் நினைக்கிறார்கள், எங்கள் ஆட்களிலும் சிலர் நினைக்கிறார்கள். அதே கிளவுஸோடு கேஸ் ஷீட்டைப் புரட்டி, செல்போனை எடுத்துப் பேசி, கர்ட்டனை இழுத்துவிட்டு, மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகியிருக்கிற வென்ஃப்ளானைத் தொடுவதைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். போடும் முன்னும் கை சுத்தம், கழற்றிய பின்னும் கை சுத்தம். ஹேண்ட் ரப் என்றால் 20, 30 விநாடி. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கையில் அழுக்கோ ரத்தமோ தெரிந்தால் ஹேண்ட் ரப் உதவாது, சோப்புதான்.

அப்புறம் பார்வையாளர்கள். நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்காவிட்டால் பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள், எனக்கும் தெரியும், நானும் இந்த ஊர்க்காரிதான். அதற்காக ஒரு வேன் நிறைய வந்து இறங்கி, கட்டிலில் ஏறி உட்கார்ந்து, பாண்டி கோயில் விபூதியைக் கட்டுப் போட்ட இடத்திலும் தூவிவிட்டு, அதே கையோடு பக்கத்துப் படுக்கைக்காரரிடம் "உங்களுக்கு எந்த ஊரு?" என்று தோளைத் தொட வேண்டுமா? விபூதி நெற்றியோடு நிற்கட்டும். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருப்பவர்கள் போனில் பேசினால் போதும். கைக்குழந்தையை வார்டுக்குள் கொண்டுவராதீர்கள், தயவுசெய்து.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வீட்டிலேயே பிளேடு வைத்துச் சிரைத்துக்கொண்டு வராதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி உட்காரும். முடி எடுத்தே ஆக வேண்டுமென்றால் தோலைக் கீறாமல் முடியை மட்டும் வெட்டுகிற கிளிப்பரால் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள், அது போதும்.

யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும். டியூபும் வென்ஃப்ளானும் இன்னும் தேவையா என்று தினமும் ரவுண்ட்ஸில் நீங்களே கேளுங்கள். வென்ஃப்ளான் போட்ட இடம் சிவந்தாலோ வீங்கினாலோ வலித்தாலோ உடனே சொல்லுங்கள். "மறுபடியும் குத்துவீங்களே" என்று மறைக்காதீர்கள். உங்களைத் தொட வருகிறவர் நானாக இருந்தாலும் டாக்டராக இருந்தாலும், "கை கழுவிட்டீங்களா?" என்று கேளுங்கள். டவுன் பஸ்ஸில் ஒரு ரூபாய் சில்லறைக்குக் கண்டக்டரோடு மல்லுக்கு நிற்கிற ஊர், இங்கே வந்ததும் வாயை மூடிக்கொள்வது ஏனென்று எனக்குப் புரிவதே இல்லை.

கடைசியாக, பை நிறைந்தால் பிடித்து ஊற்றுகிற மக். பல வார்டுகளில் ஒரே பிளாஸ்டிக் மக் படுக்கை படுக்கையாக வலம் வருகிறது. உங்கள் நோயாளிக்குத் தனியாக ஒன்று வாங்கி, படுக்கை எண்ணை மார்க்கரால் எழுதி வையுங்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் இரவல் கேட்டால் கொடுக்காதீர்கள். கோபித்துக்கொண்டால் சிஸ்டர்தான் சொன்னார் என்று என்மேல் பழியைப் போடுங்கள்.