நினைவுக்குத் தேடிய மருந்து நாவை நனைத்த கதை

பல் பார்க்கும் சிறு கண்ணாடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டால் வாய் வறட்சியோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆறு மாதங்களுக்கு முன் வந்த அம்மாளுக்கு வயது 52. மடியில் தண்ணீர் பாட்டில். ஏழு பற்களில் ஈறோரமாகச் சொத்தை.

"எனக்குச் சர்க்கரைகூட இல்லையே, டாக்டர்."

"தண்ணீர் இல்லாமல் முறுக்கு தின்ன முடிகிறதா?"

"முறுக்கா? சோற்றுக்கே ரசம் குளம்போல வேண்டும்."

கண்ணும் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறதாம். கண் மருத்துவர் இமையோரம் வைத்த காகிதப் பட்டை ஐந்து நிமிடத்தில் 3 மில்லிமீட்டர்தான் நனைந்தது. ரத்தத்தில், சொந்த உடலையே குறிவைக்கும் ரோ எதிர்ப்பொருள் இருந்தது. ஷோகிரென் நோய். உடலின் எதிர்ப்பாற்றலே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் இது. பெரும்பாலும் பெண்களுக்கே வருகிறது. ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரென் 1933-இல் இதைத் தம் ஆய்வேட்டில் விவரித்தார்.

இதற்கான மருந்துகளில் ஒன்றான செவிமெலின் பிறந்த கதை எனக்குப் பிடித்தமானது. அல்சைமர் எனும் மறதி நோயில், நரம்புகள் செய்தி கடத்தும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலின் மூளையில் குறைகிறது. அதைப்போல வேலை செய்யும் பொருளைத் தேடிய இஸ்ரேல் ஆய்வாளர்கள் கண்டெடுத்ததுதான் இது. நினைவாற்றலுக்கு மருந்தாக அது தேறவில்லை. ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பியும் அதே அசிட்டைல்கோலின் சொல்வதைத்தான் கேட்கிறது. 2000-இல் அமெரிக்காவில் ஷோகிரென் நோயாளிகளின் வாய் வறட்சிக்கு அனுமதி கிடைத்தது. நோயை அது குணமாக்காது. மிஞ்சியிருக்கும் சுரப்பியைத் தட்டி எழுப்பும், அவ்வளவே. வியர்வை கொட்டும். கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவர்கள் தொடவே கூடாது.

இந்தக் கதையைத் திருப்பிப் போட்டால் இன்னொன்று புரியும். அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மாத்திரை வாயையும் உலர்த்தும், நினைவையும் மங்கலாக்கும். அந்த அம்மாள் தும்மலுக்குக் குளோர்பெனிரமின், தலைவலிக்கு இரவில் அமிட்ரிப்டிலின் என இரண்டு வைத்திருந்தார். மறதிக்கு "ஞாபகசக்தி மாத்திரை" ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கி, அதையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார்! அசிட்டைல்கோலினைத் தடுப்பது இரண்டு, மறதியைத் துரத்துவது ஒன்று. இந்த நோயிலேயே மறதியும் மந்தமும் வருவதுண்டு என்பதால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

நானாக எதையும் நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள். மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு அவருடைய பொது மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் இரண்டை மாற்றினார், ஒன்றைத் தூக்கி எறிந்தார். நான் ஃபுளோரைடு பூசினேன்.

போன வாரம் வந்திருந்தார். கண்ணாடி இன்னமும் ஒட்டத்தான் செய்கிறது. ஆனால் முன்புபோல இழுத்து எடுக்க வேண்டியிருக்கவில்லை.