டொமஸ்டிக் கேஸ்: வீட்டு எரிவாயுவா, உள்நாட்டு எரிவாயுவா?

மொழிபெயர்ப்பு வகுப்பில் ஒரு மாணவி எழுதியிருந்தார்: "வீட்டு எரிவாயு பெருகினால் நாட்டின் பாதுகாப்பு கூடும்." ஆங்கில மூலத்தில் இருந்தது 'டொமஸ்டிக் கேஸ்'. மாணவியை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அந்தச் சொல்லே இரு பொருள் தருவது.

லத்தீனில் 'டோமுஸ்' என்றால் வீடு. அதில் பிறந்த 'டொமஸ்டிக்' முதலில் வீட்டைச் சார்ந்ததைக் குறித்தது. பிறகு நாட்டையே வீடாகக் கருதி, அதன் எல்லைக்குள் உள்ளதையும் குறிக்கலாயிற்று. தமிழில் இல் வேறு, நாடு வேறு. இல்லப் பணிப்பெண், உள்நாட்டு விமானம் என்று நாம் சரியாகத்தான் பிரித்துச் சொல்கிறோம்.

'கேஸ்' என்பது 17ஆம் நூற்றாண்டில் வேதியியலாளர் வான் ஹெல்மாண்ட், 'கேயாஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து ஆக்கியது. நமக்கு 'வளி' உண்டு. கரிகாலனின் முன்னோனை "வளி தொழில் ஆண்ட உரவோன்" என்கிறது புறநானூறு 66ஆம் பாட்டு. காற்றை வேலை வாங்கி நாவாய் ஓட்டியவன் அவன்! அந்த வரிக்காகவே 'எரிவளி' என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் வடமொழி வாயுவோடு சேர்ந்த 'எரிவாயு' வேரூன்றிவிட்டது, அதுவே இருக்கட்டும்.

வீட்டு எரிவாயுவைப் பார்க்க அடுப்பைத் திருகினால் போதும், நீலச் சுடர் எழும். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குக் குழாயில் வருவது, செனோக்கோ ஆலையில் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராவது. உள்நாட்டு எரிவாயுவோ சிங்கப்பூரில் ஒரு கன மீட்டர்கூடக் கிடையாது. சாங்கியில் உள்நாட்டு விமானம் இல்லாததுபோலத்தான். ஆனால் நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு எரிவாயுவில் விளைவது. மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து குழாய் வழியாகவும், 2013 முதல் ஜூரோங் தீவு முனையத்துக்கு மைனஸ் 162 பாகை செல்சியஸில் திரவமாகக் கப்பலிலும் வருகிறது. 2004 ஜூன் 29ஆம் தேதி இந்தோனேசியக் கடற்பகுதியான மேற்கு நத்துனாவிலிருந்து வரும் எரிவாயு தடைபட்டபோது தீவின் பல பகுதிகள் இருண்டன. அண்டை நாட்டின் உள்நாட்டுத் தேவை வளர வளர, நமக்கு வரும் பங்கும் கேள்விக்குள்ளாகும்.

சொந்த மண்ணில் எரிவாயு பெருகினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். லூசியானாவின் சபைன் பாஸ் முனையம் இறக்குமதிக்காகக் கட்டப்பட்டது. ஷேல் எனும் படிவுப் பாறையிலிருந்து எடுக்கும் எரிவாயு பொங்கி வந்ததும், 2016இல் அங்கிருந்தே ஏற்றுமதி தொடங்கியது.

இன்னொரு சிக்கல் 'பாதுகாப்பு'. இங்கே இரு பொருள் தருவது தமிழ்ச் சொல். எரிவாயு கசியாமல் காப்பதும் பாதுகாப்பு, எரிசக்தி வரத்து அறுபடாமல் காப்பதும் பாதுகாப்பு. இரண்டாவதை 'எரிசக்தி வழங்கல் உறுதி' என்றால் தெளிவாகும் என்பது என் கருத்து. மாணவியின் வரியை இப்படித் திருத்திக் கொடுத்தேன்: "உள்நாட்டில் எடுக்கும் இயற்கை எரிவாயு பெருகினால், நாட்டுக்கு எரிசக்தி தடையின்றிக் கிடைப்பது உறுதிப்படும்."