ஸ்பெல்லிங் ஒப்பிக்கிறான், வாசிக்க வரவில்லை

இந்த மாதமும் ஒருவர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இணையத்தில் சும்மா கிடைக்கிறதே, அமெரிக்க அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டரின் பழைய ஸ்பெல்லிங் புத்தகம், அதைத்தான், ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மேலே நீல அட்டை வைத்து. "அந்தக் காலத்துல அமெரிக்காவே இதைப் படிச்சுத்தான் இங்கிலீஷ் கத்துக்கிச்சாம் மிஸ், தினம் ஒரு பக்கம் ஒப்பிக்க வைக்கிறேன்" என்றார். பையன் மூன்றாம் வகுப்பு. 'பிகாஸ்' என்று கேட்டால் பி-இ-சி-ஏ-யு-எஸ்-இ என்று மூச்சுவிடாமல் சொல்கிறான். அதையே தாளில் எழுதி நீட்டினால் என் முகத்தைப் பார்க்கிறான்.

வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. இப்படி வாய் நிறைய ஸ்பெல்லிங்கும், புத்தகத்தைத் திறந்தால் திருதிருவென்ற முழியுமாக வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. பிள்ளைகள் மேல் கோபமில்லை. "பழைய முறைதான் பெஸ்ட்" என்று வாட்ஸப்பில் பார்த்துவிட்டு, பழைய முறை என்னவென்று அரை மணி நேரம்கூட விசாரிக்காத பெரியவர்கள் மேல்தான்.

விசாரித்தால் என்ன தெரியும்? அந்த ஸ்பெல்லிங் புத்தகங்கள் வாசிக்கக் கற்றுக்கொடுக்க எழுதப்பட்டவை. 1596-ல் எட்மண்ட் கூட் என்ற இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர் போட்ட புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக மறுபடி மறுபடி அச்சான புத்தகம் அது. தையற்காரர், நெசவாளர், கடைக்காரர் என்று யாரானாலும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது அவர் கணக்கு. அதில் ஜான், ராபர்ட் என்ற இரண்டு பையன்கள் ஒருவரை ஒருவர் சோதிப்பதாக ஓர் உரையாடல் வருகிறது. 'பீப்பிள்' என்பதை எப்படி எழுதுவாய் என்று ஜான் கேட்கிறான். எனக்கு எழுதத் தெரியாதே என்கிறான் ராபர்ட். ஜான் உடனே, நான் எழுத்துக்கூட்டச் சொல்வதைத்தான் அப்படிக் கேட்டேன் என்று சமாளிக்கிறான். அன்றைக்கு நிலைமை அதுதான். முதலில் வாசிப்பு. இறகுப் பேனா, மை, கையெழுத்துப் பயிற்சி எல்லாம் அதற்கப்புறம். ஏழைப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் பலருக்கு வாசிப்போடு படிப்பு முடிந்துவிடும், பேனாவைத் தொட்டே இருக்க மாட்டார்கள்.

ஆக, அந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டும்போது அதன் கண் அச்சில் இருந்தது. விரல் எழுத்தின் மேல் இருந்தது. எழுத்தைச் சொல், அசையைச் சொல், அசைகளைச் சேர்த்துச் சொல்லாக்கு என்று போகும். நம் வீட்டில் நடப்பதோ புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஒப்பிப்பது. இரண்டும் ஒன்றா?

இப்போது என்னை மிகவும் கடுப்பேற்றும் விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் ம, ர, ம் என்று சொல்லிக்கொண்டே போனால் மரம் வந்துவிடும், எழுத்தைச் சொல்லும்போதே ஒலியையும் சொல்லிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு, ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சொன்னால் ஆங்கிலச் சொல் தானாக வந்துவிடும் என்ற நினைப்பு எங்கோ உள்ளே உட்கார்ந்திருக்கிறது. வராது. சி, ஏ, டி என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், 'சியேடி' என்றுதான் வரும். 'கேட்' எங்கிருந்து வந்தது? நீங்கள் சொல்லிக்கொடுத்ததால் வந்தது. 'ஹெச்' என்ற பெயரில் ஹகர ஒலியோடு என்னென்னவோ சேர்ந்திருக்கிறது, 'டபிள்யூ' என்ற பெயரில் வகரமே இல்லை. நீங்கள் பெயரைச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒலியை எதிர்பார்க்கிறீர்கள். பிள்ளையும் பாவம், பி-இ-சி-ஏ-யு-எஸ்-இ என்பதை ஒரு ஃபோன் நம்பர் மாதிரி மனப்பாடம் செய்து வைத்துக்கொள்கிறது.

இதை நானாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1570-லேயே இங்கிலாந்தில் ஜான் ஹார்ட் என்பவர், எழுத்தை அதன் ஒலியாலேயே அறிமுகப்படுத்த வேண்டும் என்று படங்களோடு ஒரு தொடக்கப் புத்தகம் போட்டார். 1660-ல் பிரான்ஸில் 'போர்ட் ராயல் இலக்கணம்' என்ற நூலை எழுதியவர்களும் வாசிப்புக்கு அதே வழியைத்தான் சொன்னார்கள். 1840-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கல்வித்துறைச் செயலராக இருந்த ஹொரஸ் மான் எழுத்துப்பெயர் ஒப்பித்தலைக் கிழிகிழியென்று கிழித்தார். ஆனால் அவர் முழுச் சொல்லாகப் பார்த்துப் படிக்கட்டும் என்று எதிர்ப்பக்கம் ஓடிவிட்டார். அது வேறு வம்பு, இங்கே வேண்டாம்.

வெப்ஸ்டருக்கும் ஒலியில்தான் கவனம். 1783-ல் அந்தப் புத்தகத்தின் முதல் பதிப்பு வரும்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும், பள்ளி ஆசிரியர். அதுவரை அங்கே செல்வாக்காக இருந்தது தாமஸ் டில்வொர்த் என்ற இங்கிலாந்துக்காரரின் புத்தகம். டில்வொர்த் 'பிஷப்' என்ற சொல்லை பி-ஐ ஒரு அசை, எஸ்-ஹெச்-ஓ-பி ஒரு அசை என்று பிரிப்பார். அப்படிப் பார்க்கிற பிள்ளை 'பை-ஷாப்' என்றுதானே படிக்கும்? வெப்ஸ்டர் பி-ஐ-எஸ்-ஹெச், ஓ-பி என்று மாற்றினார். வாயில் எப்படி வருகிறதோ அப்படியே தாளிலும் பிரிய வேண்டும் என்பது அவர் கட்சி. கூடவே சொற்களை ஒலிப்படி அட்டவணை போட்டு, எந்த உயிரொலி என்று காட்ட மேலே குட்டி குட்டியாக எண்களும் கொடுத்தார். ஒப்பிக்க வைப்பவர்கள் இதையெல்லாம் தாண்டிவிட்டு வெறும் சொற்பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள்.

(அமெரிக்கன் ஸ்பெல்லிங் ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று ஒரு அம்மா பயந்தார். முதல் பதிப்பில் அந்த மனிதர் 'ஹானர்', 'ஃபேவர்' சொற்களில் 'யு'வை எடுப்பவர்களைத் திட்டித்தான் எழுதியிருந்தார். அவரே மனம் மாறியது அதற்குப் பிறகு.)

முக்கியமான இன்னொன்று. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் வீட்டில் பேசுகிற மொழி. 'பிஷப்' என்பதைத் தட்டுத்தடுமாறிக் கூட்டினாலும், அட அந்தச் சொல்லா என்று காது பிடித்துக்கொள்ளும். உங்கள் பிள்ளைக்கு அந்தச் சொல்லே புதிது, பிடித்துக்கொள்ளக் காதில் ஒன்றும் இல்லை.

இலக்கணப் பக்கமும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். லிண்ட்லி மரே என்ற நியூயார்க் வழக்கறிஞர் இங்கிலாந்தின் யார்க் நகரத்துக்குக் குடிபெயர்ந்து, அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்காக 1795-ல் எழுதிய இலக்கணம் உலகம் முழுக்கப் போனது. வரையறைகளை வரி மாறாமல் ஒப்பிக்கும் பழக்கம் அதன் பின்னாலேயே நீண்ட காலம் போனது. வாக்கியத்தை ப்ரெப்போசிஷனில் ('டு', 'வித்' மாதிரிச் சொல்லில்) முடிக்கக் கூடாது என்று பிள்ளையின் கட்டுரையில் சிவப்பு மையால் சுழிப்பவர்களுக்கு ஒரு தகவல். 1762-ல் ராபர்ட் லோத் என்ற ஆங்கில இலக்கண ஆசிரியர் இதைப் பற்றி எழுதியபோது, பேச்சிலும் சாதாரண எழுத்திலும் அது இயல்பு, முன்னால் போட்டால் இன்னும் நயம் என்றுதான் சொன்னார். அதைச் சொன்ன வாக்கியத்தையே ப்ரெப்போசிஷனில்தான் முடித்திருந்தார். மரே அதைத் தன் புத்தகத்தில் எடுத்துப் போடும்போது திருத்தி, ப்ரெப்போசிஷனை முன்னால் தள்ளிவிட்டார். ஏழு வயதுப் பிள்ளையை மிரட்ட இதுதானா கிடைத்தது?

பழையதுதான் வேண்டுமென்றால் நம் ஊரிலேயே நல்லது ஒன்று உண்டு. 1789-ல் சென்னை எழும்பூரில் தொடங்கிய ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தவர் அதைத் தன் பிள்ளைகளுக்கும் கொண்டுவந்தார். மூத்த பையனை வைத்து இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையோடு சேர்த்து 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார், 'மெட்ராஸ் சிஸ்டம்' என்றே பெயரெடுத்தது. வாய் ஒலியைச் சொல்லும்போதே கண் எழுத்தைப் பார்க்கிறது, விரல் அதை எழுதுகிறது. இதற்கு ஆகும் செலவு ஒரு தாம்பாளமும் கொஞ்சம் மணலும்தான். ரவை, அரிசி மாவு எதுவானாலும் சரி.

அதனால் தயவுசெய்து, வாசிக்க வராத பிள்ளையிடம் ஸ்பெல்லிங் கேட்காதீர்கள். முதலில் எழுத்தைக் காட்டி ஒலியைச் சொல்லுங்கள், பெயர் பிறகு வரட்டும். எஸ்-ஹெச், சி-ஹெச், டி-ஹெச் ஒவ்வொன்றும் இரண்டெழுத்து சேர்ந்த ஒரே ஒலி, அவற்றைப் பிரித்துப் படிக்க விடாதீர்கள். ஒரு நாளைக்கு நாலைந்து சொல் போதும். ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். அர்த்தம் தெரியாத சொல்லைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஸ்பெல்லிங் பீ போட்டிகளைக் காட்டி வாதாடுபவர்கள் அந்த வீடியோவை முழுசாகப் பார்க்கவும், அந்தப் பிள்ளைகள் வாயைத் திறந்ததும் கேட்பது சொல்லின் பொருளையும் அது எந்த மொழியிலிருந்து வந்தது என்பதையும்தான். டியூஷனில் இம்போசிஷன் எழுத வைத்தால் போய் நிறுத்தச் சொல்லுங்கள். பத்துத் தடவை எழுதும்போது முதல் வரியை எழுதிவிட்டு, மீதி ஒன்பது வரிக்கும் எழுத்து எழுத்தாகக் கீழே இறக்குவார்கள். முதலில் ஒரு பத்தி முழுக்க 'பி', அடுத்த பத்தி 'இ'. சொல்லை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தமிழிலும் வாசிக்கத் திணறுகிறானா என்று பாருங்கள். தமிழ் சரளமாக வந்து ஆங்கிலம் மட்டும் இடித்தால் பெரும்பாலும் சொல்லிக்கொடுத்த விதத்தில்தான் கோளாறு, மாற்றிக்கொள்ளலாம். இரண்டுமே வரவில்லை என்றால் சோம்பேறி என்று அடிக்காமல் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள், அப்புறம் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று தகுந்தவரிடம் மதிப்பீடு செய்யுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் வருகிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பு வந்த பிறகு ஓடி வராதீர்கள், மூன்றாம் வகுப்பிலேயே வாருங்கள்.