மூன்றாவது கிழமையில் விட்டுவிடுகிறவர்கள்

ஜனவரியில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் கதிரையில் உட்காரும்போதே, "டொக்டர், இந்த வருசம் எப்படியும் பத்துக் கிலோ குறைக்கப்போறன்" என்பார்கள். பெப்ரவரியில் அதே ஆட்கள் வருவார்கள், ஆனால் அந்தக் கதையே வராது. நானாகக் கேட்டால், "மூண்டு கிழமை செய்தனான், பிறகு நிறை இறங்கேல்ல, விட்டிட்டன்" என்பார்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலையாக இருப்பது இதுதான். சோற்றையும் பாணையும் ஒரேயடியாக நிறுத்தினால் முதல் கிழமையே ஒன்றிரண்டு கிலோ இறங்கிவிடும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் உடம்பு சேமித்து வைக்கும் கிளைக்கோஜன் என்கிற மாச்சத்தின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது செலவாகும்போது தண்ணீரும் கூடவே போய்விடும். கொழுப்பு மெதுவாகத்தான் கரையும். தராசு அசையாதது போலத் தெரிகிற அந்த நாட்களில்தான் நம் ஆட்கள் கைவிடுகிறார்கள்.

அதனால் தராசை மாதத்தில் இரண்டு தரம் பார்த்தால் போதும். இடுப்பை அளந்து பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் தையல் நாடாவைச் சுற்ற வேண்டும் (வயிற்றை எக்கிக்கொண்டு அளந்தால் பயனில்லை). நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே பிரசரும் சீனியும் இறங்குவதைப் பார்க்கலாம், பத்துக் கிலோ வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கே தொடங்குவது என்றால் நான் தேநீரைத்தான் சொல்வேன். ஓட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் சோற்றைப் பாதியாகக் குறைத்திருந்தார், ஆனால் ஸ்டாண்டில் ஒரு நாளைக்கு ஆறு பிளேன்டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி. கணக்குப் பார்த்தால் 60 கிராம், கிட்டத்தட்ட 240 கலோரி. இதை அவர் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இரண்டை ஒன்றாக்கி, அப்புறம் அரையாக்கினார்.

நடை கிழமைக்கு 150 நிமிடம். எங்கள் திருகோணமலையில் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை ஏறி இறங்கினால் மூச்சு வாங்கும், நல்லது. ஆனால் ஜனவரியில் இங்கே மழை விடாது, கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஒன்பது மணிக்கே வெயில் சுடும். அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே கதிரையில் இருந்து கையூன்றாமல் பத்துத் தரம் எழும்பி உட்காருங்கள், மூன்று சுற்று. சாப்பாட்டை மட்டும் குறைத்தால் தசையும் சேர்ந்து கரையும், அதைத் தடுக்கத்தான் இது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற சீனி வருத்தக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள், டொக்டரிடம் கதைக்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். குளிசையைப் போட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டை விட்ட ஒரு அம்மாவை, உடம்பெல்லாம் வியர்த்து, பிள்ளையின் பெயரே தெரியாமல் தடுமாறிய நிலையில் விடியப்புறம் தூக்கிவந்தார்கள். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால், விழுங்க முடிகிற நிலையில் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மற்றவர்கள் இன்று இரவே இடுப்பை அளந்து கலண்டரில் எழுதி வையுங்கள். அடுத்த அளவு நான்கு கிழமைக்குப் பிறகு.