ஸ்நோர்கெல்: யானையிடம் இருக்கும் சொல்

இலங்கையின் கிழக்கே, திருகோணமலைக்கு அருகே நிலாவெளிக் கடற்கரையில், புறாத்தீவுக்குப் படகு ஏறும் இடத்தில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். அதில் ஆங்கிலத்தில் ஸ்நோர்க்லிங் என்றும், அதன் கீழே தமிழில் 'ஆழ்கடல் நீச்சல்' என்றும் எழுதியிருந்தது. பெரியம்மா இரண்டாவது வரியை வாசித்தார். கையிலிருந்த பையை இறக்கி வைத்து மர நிழலில் உட்கார்ந்துவிட்டார். "நீங்கள் போய் வாருங்கள் பிள்ளைகளே, நான் சாமான்களைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

பெரியம்மாவுக்குக் கடல் புதிதல்ல. ஆடி அமாவாசை தவறாமல் கீரிமலையில் முழுகி எழுந்தவர். அன்று அவரைக் கரையில் உட்கார வைத்தது கடல் அல்ல, 'ஆழ்' என்ற இரண்டெழுத்து. நாங்கள் போய் மிதந்த இடத்திலோ பல இடங்களில் தண்ணீர் ஓராள் மட்டம்கூட இல்லை. அடியில் கிடந்த முருகைக்கல்லின், அதாவது பவளப்பாறையின், ஒவ்வொரு கண்ணும் தெரிந்தது. தவறான ஒரு மொழிபெயர்ப்பு ஒரு மனிதரின் ஒரு நாளைப் பறித்துவிட்டது என்ற எண்ணம் எனக்கு அன்று முழுவதும் ஆறவில்லை. இந்தச் சொல்லைத் தேடிப் போனதற்குக் காரணம் அதுதான்.

ஸ்நோர்கெல் என்பது கருவியின் பெயர். வாயில் கவ்விக்கொள்ளும் வளைந்த குழாய் அது. மேல்முனை தண்ணீருக்கு வெளியே நிற்கும். முகத்தைக் கடலுக்குள் கவிழ்த்தபடி, தலையைத் தூக்காமல் மூச்சு விடலாம். அந்தக் குழாயுடன் மிதந்து கடலடியைப் பார்ப்பதுதான் ஸ்நோர்க்லிங்.

சொல் ஆங்கிலத்தில் பிறந்ததல்ல. ஜெர்மானியக் கடற்படையின் 'ஷ்னோர்ஷெல்' என்ற சொல்லிலிருந்து வந்தது. வட ஜெர்மனி வழக்கில் அதற்கு மூக்கு, விலங்கின் மூஞ்சி என்று பொருள். குறட்டை விடுதலைக் குறிக்கும் 'ஷ்னார்ஷன்' அதன் உறவுச் சொல். குளிப்பவர்களின் வாய்க்கு வருவதற்கு முன்னால் இந்தப் பெயர் நீர்மூழ்கிக் கப்பலின் தலையில்தான் இருந்தது. அக்கால நீர்மூழ்கிகள் தண்ணீருக்குள் மின்கலத்தில் ஓடின. மின்கலம் தீர்ந்தால் டீசல் எந்திரத்தை ஓட்டி மின்னேற்ற வேண்டும், எந்திரத்துக்குக் காற்று வேண்டும், காற்றுக்காக மேலே வந்தால் எதிரியின் விமானம் பார்த்துவிடும். இதற்கு வழி கண்டவர்கள் நெதர்லாந்துக் கடற்படையினர். விக்கர்ஸ் என்ற அதிகாரி 1930களில் உருவாக்கிய காற்றுக்குழாயை அவர்கள் 'ஸ்னாவ்வர்' என்றார்கள். மூக்கால் உறிஞ்சுவது என்று பொருள். 1940இல் நெதர்லாந்து ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது அந்தக் குழாய் பொருத்திய கப்பல்களும் ஜெர்மானியர் கைக்குப் போயின. போரின் பிற்பகுதியில் அவர்கள் அதைத் தங்கள் நீர்மூழ்கிகளில் பொருத்தித் தங்கள் மொழியில் பெயரிட்டார்கள். குழாயின் வாயை அலை மூடினால் அடைப்பான் விழுந்துவிடும். எந்திரம் கப்பலுக்குள் இருக்கும் காற்றையே இழுக்கத் தொடங்கும், மாலுமிகளின் காது அடைத்து வலிக்கும். ஆங்கிலேயக் கடற்படை இதே குழாயை 'ஸ்னார்ட்' என்றது. அதுவும் மூக்கொலிதான்.

மூன்று மொழிக்காரர்களும் ஒரே பொருளைப் பார்த்து மூக்கையே நினைத்திருக்கிறார்கள். ஆனால், மனிதர் இந்தக் குழாயை மாட்டிக்கொண்டதும் முதலில் மறக்க வேண்டியது மூக்கைத்தான். கண்ணாடி முகமூடி மூக்கையும் சேர்த்து மூடிவிடும். மூச்சு முழுக்க வாயால். நிலாவெளியில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்த தம்பி, இடுப்பளவு தண்ணீரில் எங்களை நிறுத்தி வைத்து இதை மட்டும் கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். குழாயின் ரப்பர் முனையைப் பல்லால் மெதுவாகக் கவ்வ வேண்டும், உதட்டால் சுற்றி அடைக்க வேண்டும், நீளமாக இழுத்து நீளமாக விட வேண்டும். உள்ளே தண்ணீர் புகுந்தால் பதறாமல் 'ஃபூ' என்று ஒரே ஊதாக ஊதினால் அது குழாயின் மேல்முனை வழியாகத் தெறித்துவிடும். "மூக்கு உங்களுக்கு இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள் அண்ணா" என்றார். புதியவர் பதறுவது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான்.

குழாய் ஏன் நாற்பது சென்டிமீட்டர்கூட இல்லாமல் இவ்வளவு குட்டையாக இருக்கிறது என்று கேட்டால், 'ஆழ்கடல்' என்ற பெயரின் பிழை தானாகத் தெரிந்துவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் மார்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 100 கிராம் சுமை கூடுகிறது. அந்தச் சுமையைத் தள்ளிக்கொண்டு மேலேயிருந்து காற்றை இழுக்க நம் விலாத் தசைகளுக்கு வலுவில்லை. குழாயை நீளமாக்கினால் விட்ட மூச்சே குழாய்க்குள் தங்கி, அதையே திரும்ப இழுக்க நேரும். ஆழத்துக்குப் போகவே முடியாதபடி அமைந்த கருவி இது. அதற்கு 'ஆழ்கடல்' என்று பெயர் வைப்பது கடலைக் கண்டு அஞ்சுபவரைத் துரத்தும். துணிச்சல்காரரையோ குழாயுடன் கீழே போகத் தூண்டும். இரண்டாவது இன்னும் கெடுதல்.

வழக்கில் இருக்கும் மற்றச் சொற்களும் சரியாகப் பொருந்தவில்லை. 'முக்குளித்தல்' அழகான சொல், ஆனால் அது தலை மறைய மூழ்குவது. ஈழத்தில் 'சுழியோடுதல்' என்கிறோம். கடற்படைச் சுழியோடிகள் என்று நாளிதழில் நாள்தோறும் வருகிறது. அது மூச்சடக்கியோ காற்றுக்கலன் சுமந்தோ அடிக்குப் போகிறவர்களுக்கு உரியது. காற்றுக்கலனோடு மூழ்கும் ஸ்கூபாவுக்கு அதைவிட நல்ல சொல் தேவையில்லை. மன்னார்க் கடலில் முத்தெடுத்தவர்களின் 'குளித்தல்' என்ற சொல்லுக்கும் அடிவரை இறங்குவதே பொருள். மேலேயே மிதப்பவருக்கு இவை எதுவும் ஆகாது.

கருவிக்கு 'மூச்சுக்குழல்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டு மாணவரிடம் மூச்சுக்குழல் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், கழுத்தைத் தொட்டுக் காட்டுவார். நாங்கள் பள்ளியில் வாதனாளி என்று படித்த அதே உறுப்பு. 'சுவாசக் குழாய்' என்றால் மருத்துவமனைக் கட்டில் நினைவுக்கு வருகிறது.

ஆகவே நான் தேடியது உறுப்பையும் நோயையும் நினைவூட்டாத, நீரோடும் மூச்சோடும் ஏற்கெனவே பழகிய ஒரு சொல். அது கிடைத்த இடம் யானை.

அரிஸ்டாட்டில் விலங்குகளின் உறுப்புகளைப் பற்றி எழுதும்போது, நீரில் மூழ்குவோர் சிலர் மேலேயிருந்து காற்றை இழுக்க ஒரு கருவி வைத்திருப்பதைக் குறிப்பிட்டு, யானைக்கு இயற்கை கொடுத்த நீண்ட மூக்கும் அதே வேலையைச் செய்கிறது என்கிறார். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே கருவியும் உவமையும் ஒன்றாக இருந்திருக்கின்றன. உவமை வெறும் அழகுக்கும் அல்ல. நீந்தும் யானை தும்பிக்கை நுனியை மட்டும் வெளியே நீட்டி, மார்பை வெகு கீழே வைத்துக்கொண்டு மூச்சு விடுகிறது. நம் நுரையீரல் அதைத் தாங்காது. யானையின் நுரையீரலுக்கும் விலாச் சுவருக்கும் இடையே நமக்கு இருப்பது போன்ற இடைவெளி இல்லை. அங்கே இறுகிய இணைப்புத் திசு நிறைந்திருக்கிறது. நீருக்குள்ளிருந்து மூச்சிழுப்பதற்கான தகவமைப்பு அது என்று உடலியல் அறிஞர் ஜான் வெஸ்ட் விளக்கியிருக்கிறார்.

நிலாவெளிக்கு வடக்கே கொக்கிளாய்க்கு அப்பால், கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில் 2017 ஜூலையில் ஒரு யானை தத்தளித்ததைக் கடற்படையினர் கண்டார்கள். சுழியோடிகள் இறங்கிக் கயிறு கட்டி மணிக்கணக்காக இழுத்துக் கரை சேர்த்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: கறுத்த முதுகின் ஒரு திட்டு, அதற்கு முன்னால் நீருக்கு மேலே தூக்கிய ஒரு குழாய். ஸ்நோர்கெலின் படம் அதுதான்.

சங்கப் புலவர்கள் அந்தத் தும்பிக்கையை என்னவென்று சொன்னார்கள்? தலையாலங்கானப் போரைப் பாடும் புறநானூற்றின் 19ஆம் பாட்டில், குடபுலவியனார் அம்பு தைத்த யானையின் துதிக்கையை 'தூம்புடைத் தடக்கை' என்கிறார். தூம்பு என்றால் உள்ளே துளையுள்ள நீண்ட குழல். துளையுடைய பெருங்கை. மலைபடுகடாத்தில் கூத்தர்கள் சுமந்து போகும் இசைக்கருவிகளில் ஒன்று 'களிற்று உயிர்த் தூம்பு'. ஆண் யானை நெடுமூச்சு விடுவது போன்ற ஓசை கொண்ட ஊதுகுழல் என்று உரை சொல்கிறது. யானை, மூச்சு, குழல் மூன்றும் ஒரே தொடரில் கோத்து வைத்திருக்கின்றன. அந்தத் தொடரைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தூம்புக்கு நீரோடும் உறவு உண்டு. ஏரியிலிருந்து வயலுக்கு நீர் திறந்துவிடும் வழியும் தூம்புதான். ஏரிக்குள் கல்தூண் நிறுத்தி அமைத்த பழைய குமிழித் தூம்புகள் புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் நிற்கின்றன. ஆகவே ஸ்நோர்கெலுக்கு 'மூச்சுத்தூம்பு' என்பதே என் துணிபு. ஸ்நோர்க்லிங் 'தூம்பு நீச்சல்'. சில ஊர்களில் கழிவுநீர் போகும் வாயைத் தூம்பு என்பதால் முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். 'மூச்சு' முன்னால் நிற்கும்போது அந்த வாடை ஒட்டாது என்று நம்புகிறேன். பேச்சில் ஸ்நோர்கெல் என்றே சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. எழுத்தில் 'ஆழ்கடல்' என்ற பொய் மட்டும் வேண்டாம்.

இந்தத் தேடலில் இன்னும் இரண்டு சொற்கள் தாமாக வந்து சேர்ந்தன. 'பீச் பார்க்' என்பதற்குக் கடற்கரைப் பூங்கா என்று எழுதுகிறோம், பிழையில்லை. ஆனால் நெய்தல் நிலத்துக்கு 'கானல்' என்ற சொல் இருந்தது. புன்னையும் தாழையும் நிழல் தரும் கடற்கரைச் சோலை அது. சிலப்பதிகாரத்தின் கானல்வரிக்குப் பெயர் தந்தது அதுவே. இன்று கானல் என்றால் எல்லோருக்கும் பாலைவன மாயநீர்தான் நினைவுக்கு வருகிறது, நிழலான சோலை மறந்துபோயிற்று. அடுத்தது, 'கடலாடுதல்'. சிலம்பில் கடலாடு காதை என்றே ஒரு காதை உண்டு. ஊர் திரண்டு கடலில் குளித்து விளையாடுவதற்கு ஒரே வினைச்சொல். 'பீச் டே' என்பதற்குக் 'கடலாடு நாள்' என்பதைவிட இனிய தமிழ் எனக்குத் தெரியவில்லை.

அப்படி ஒரு கடலாடு நாளைப் புறாத்தீவில் திட்டமிடுகிறவர்கள் ஏப்ரல் கடைசிக்கும் செப்டம்பருக்கும் இடையே வர வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கரை கலங்கிக் கொந்தளிக்கும். தூம்பு நீச்சலுக்குத் தெளிந்த நீர்தான் எல்லாம். காலையில் முதல் படகுகளோடு போய்விடுங்கள். காற்று எழுவதற்கு முன் கடல் கண்ணாடி போலக் கிடக்கும், தீவிலும் நெரிசல் இருக்காது. தீவு கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். 1963இல் சரணாலயமான இடம், 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் வாங்க வேண்டும், படகுக்கும் வழிகாட்டிக்கும் தனிக் கூலி. கூலிப் பேச்சைப் படகில் ஏறுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். தீவில் கடை கிடையாது, குடிதண்ணீரைக் கொண்டுபோய் வெற்றுப் போத்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கரை முழுவதும் உடைந்த முருகைக்கல், வெறுங்கால் தாங்காது. முதுகு மணிக்கணக்காக வெயிலைப் பார்த்தே கிடக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மிதப்பது நல்லது. வெயிலுக்குப் பூசும் களிம்பு கரைந்து முருகை உயிர்கள் மேல் படிவதும் குறையும்.

கல்லின் மீது மட்டும் நிற்காதீர்கள். அது கல்லல்ல, உயிர்களின் கூடு. ஓர் ஆள் ஒரு முறை கால் ஊன்றினால் பல ஆண்டு வளர்ச்சி நொறுங்கிப்போகும். களைப்பாக இருந்தால் மல்லாந்து மிதக்கலாம், வழிகாட்டியின் மிதவையைப் பிடித்துக்கொள்ளலாம். செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் வரும், தொந்தரவு செய்யாவிட்டால் விலகிப் போய்விடும்.

மறு ஆண்டு நாங்கள் திரும்பவும் போனோம். பெரியம்மாவிடம் இந்த முறை ஆழ்கடல் என்று யாரும் சொல்லவில்லை. குழாயைக் கையில் கொடுத்து, "யானை ஆற்றைக் கடக்கிற மாதிரி, பெரியம்மா. கீழே போவதில்லை, மேலேதான்" என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். உயிர்காப்பு அங்கியைக் கட்டிக்கொண்டு, போன ஆண்டு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே தம்பியின் கையைப் பிடித்தபடி இறங்கினார். முதலிரண்டு தடவை இருமிக்கொண்டு எழுந்தார். மூன்றாம் தடவை முகம் கவிழ்ந்தது, பிறகு நிமிரவில்லை. நரைத்த கொண்டையும், அதன் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் குழாயும், அதிலிருந்து சீராக வந்த மூச்சொலியும் மட்டும் நீருக்கு மேலே இருந்தன. அவருக்கு நேர் கீழே ஓர் அழுங்காமை முருகைக்கல்லை உரசியபடி மெல்லப் போய்க்கொண்டிருந்தது. பெரியம்மா தலையைத் தூக்காமலே, எங்களைப் பார்க்க வரும்படி ஒரு கையை மட்டும் உயர்த்தி அசைத்தார்.